முகம் தெரியணும்

பின்கதவு பூட்டியிருந்தது.

அவள் தள்ளிப் பார்த்தாள். தட்டியும் பார்த்தாள். மற்ற சனிக்கிழமைகளில் அந்தக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கும். உள்ளே போய் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, கடைக்குப் போனதுபோல அலமாரி அலமாரியாகப் பார்த்து, வேண்டியதைக் காசில்லாமல் எடுத்து வரலாம். யார், எவர், ஏன் என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த உணவு வங்கிக்கு அவள் வருவதே அதனால்தான்.

"இன்னைக்கு முன்பக்கமா வரணுமாம்," என்றார் பின்னால் வந்த டாக்ஸி ஓட்டுநர், அவளைப்போலவே வாராவாரம் அங்கே வருகிறவர். "பெரிய மனுஷர் யாரோ வந்திருக்காராம்."

முன்பக்கம் என்றால் கடைத்தெரு. வரிசை நடைபாதைவரை நீண்டிருந்தது. எதிரே பேருந்துக்கு நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை. அவள் மகளோடு படிக்கும் பெண் ஒருத்தி, தன் அம்மாவின் கையைச் சுரண்டி இவளைக் காட்டினாள்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தது பார்த்ததுதான்.

கூடத்துக்குள் அலமாரிகளை ஒரு பெரிய பதாகையால் மறைத்திருந்தார்கள். பதாகையில் ஒருவர் வாய் நிறையச் சிரித்தார். அதன் முன்னால் நீளமான மேசை. மேசைமேல் கட்டிவைத்த பைகள். ஒவ்வொரு பையிலும் அதே ஆள், அதே சிரிப்பு. போதாததற்கு, மேசைக்குப் பின்னால் அவரே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள அரிசி இருக்கோ இல்லையோ, வெளிய மூஞ்சி இருக்கு," என்று ஓட்டுநர் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது அந்தப் பதாகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வரிசையை விட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

வாசலில் பொறுப்பாளர் அக்கா மறித்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை நோய் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"போகாதம்மா. எனக்கும்தான் பிடிக்கல. அலமாரியெல்லாம் துடைச்சு வெச்ச மாதிரி கிடக்கு. இவர் குடுத்தாத்தான் மழைக்காலம் முடியற வரைக்கும் ஓட்ட முடியும். ஃபோட்டோ எடுத்தாத்தான் குடுப்பேங்கறார்."

"பால்மாவு?"

"பையிலயே இருக்கு."

அதற்குமேல் அவளால் நடக்க முடியவில்லை.

அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துபோனதிலிருந்து அவள் தையல் ஆலைக்குப் போகவில்லை. புருஷன் சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும். பிள்ளைகளுக்குப் பசித்தால் வாய்விட்டுக் கேட்பார்கள். அம்மாவுக்குப் பேச்சே போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் கடைவாயில் வழிந்துவிடும். பால்மாவைக் கெட்டியாகக் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினால் மட்டும் கொஞ்சம் இறங்கும்.

திரும்பிப் போனாள். அவள் நின்ற இடத்தை ஓட்டுநர் காலியாகவே வைத்திருந்தார்.

வரிசை நத்தையாக ஊர்ந்தது. பையின் ஒரு பிடியை வாங்குகிறவர் பிடிக்க வேண்டும், மறுபிடியை அந்தப் பெரிய மனுஷர் பிடிப்பார். படம் எடுக்கும் இளைஞன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான், பையைத் தூக்கிப் பிடிங்க, பையில இருக்கற முகம் தெரியணும் என்று. தடியூன்றி நின்ற ஒரு பெரியவரிடம் தடியைக் கீழே போடச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு வந்தவளிடம் குழந்தையை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்கள். அது வீறிட்டு அழுதது. அழுகை அடங்கும்வரை காத்திருந்து எடுத்தார்கள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் முறை வந்தது.

பையை நீட்டிய அவர் கை பாதியில் நின்றது. அதுவும் ஒரு கணம்தான். பிறகு, முன்னால் போனவர்களிடமெல்லாம் சொன்னதையே அதே குரலில் அவளிடமும் சொன்னார்.

"நல்லா இருங்கம்மா."

அவள் ஒரு பிடியைப் பிடித்தாள். கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள். அவர் கேமராவைப் பார்த்தார்.

"இங்க பாருங்கக்கா," என்றான் இளைஞன். "முறைக்காதீங்க. சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு."

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இளைஞன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

"இவரை உங்க கூடப்பொறந்த அண்ணன் மாதிரி நெனச்சுக்கோங்க. சிரிப்பு தன்னால வரும்."

"மாதிரி எல்லாம் வேணாம் தம்பி," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "கூடப்பொறந்தவர்தான். எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டு பேரு."

இளைஞன் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்போதுதான் மூக்கைக் கவனித்தான் போலிருக்கிறது. கேமராவை மெதுவாகக் கீழே இறக்கினான்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு அசையாமல் பேசினார்.

"வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"பேச வரல. அம்மா பசியோட கெடக்கறாங்க," என்றாள். "பையை விடுண்ணா."