கதவின் வெளிப்பக்கம்

பெயின்ட் அடிக்க வந்தவர்கள் படிப்பறைக் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தபோதுதான் பேராசிரியர் அந்தக் கீறல்களைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில், வளைவே இல்லாத கோடுகள். சந்தேகமே இல்லை, ரூன் எழுத்து! பனிதேசத்துக்காரர்கள் ஒரு காலத்தில் கல்லில் செதுக்கிய எழுத்து. ஆயுசு முழுக்க அவர் மாரடித்ததும் அதோடுதான்.

"ஏதோ பழைய கப்பல் பலகையில செஞ்ச கதவு போல."

"கடையில புதுசா வாங்கினதுங்க," என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "இத்தனை வருஷமா கண்ணுல படலையாக்கும்?"

"நான் எப்பவும் உள்பக்கம்தானே."

எழுத்து தெரிந்தது, மொழிதான் பிடிபடவில்லை. தெரிந்த பழைய பாஷைகளையெல்லாம் பொருத்திப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

"வாய்விட்டுத்தான் படிங்களேன். எனக்கும் பொழுது போகும்."

அலுப்போடு எழுத்துக் கூட்டினார். "அ... பா... க... த... வ... தி... ற..."

மனைவியின் கை அப்படியே நின்றது.

"உங்க மேஜையில இருந்த ரூன் எழுத்து அட்டையைச் சின்ன வயசுல நம்ம பொண்ணு எடுத்துட்டுப் போயிடுவா. 'அப்பா இதை மட்டும்தான் படிக்கிறாரு'ம்பா."

அவர் அந்தக் கோடுகளை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, எப்போதும் மனைவிதான் பேசும் அந்த நம்பருக்குத் தானே போன் போட்டார்.

"கதவுல எழுதினது நீயாம்மா?"

மறுமுனையில் மகள் கேட்டாள்:

"இப்பத்தான் வெளியே வந்தீங்களாப்பா?"