துண்டு தொங்கும் கதவு

மறுபடியும் அந்தப் பொம்பளை வந்திருக்கிறாள்.

இந்த நினைப்பு வந்ததுமே அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டன. கூடத்துக்கு அந்தப் பக்கம், மகளின் அறையில், ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு மூடிய கதவுகளைத் தாண்டிச் சொற்கள் வரவில்லை, ராகம் மட்டும்தான் வந்தது. களைத்த, அவசரமான, ஆனால் குழைந்த குரல். நடுவில் மகள் சிரித்தாள்.

வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அவள் அந்தச் சிரிப்பைக் கேட்கவே இல்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் நிரந்தர வேலை. பள்ளிவிட்டு வரும் எட்டு வயதுக் குழந்தை தனியாக இருக்க வேண்டாமென்றுதான் அதை உதறினாள். இப்போது வீட்டிலிருந்தே எழுதுகிறாள். தங்கிப் பார்க்காத ஓட்டல்களைப் பற்றி, படுத்துப் பார்க்காத மெத்தைகளைப் பற்றி, யார் யாரோ கேட்கிறபடியெல்லாம். எல்லாருக்கும் அன்றைக்கே வேண்டும். அதனால் வீட்டில் ஒரு விதி. அவள் அறைக் கதவின் கைப்பிடியில் நீலத் துண்டு தொங்கினால் அம்மா வீட்டில் இல்லை. தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது.

மகள் ஒரு தடவைகூட விதியை மீறியதில்லை. வாசலில் யாராவது மணி அடித்தால், "அம்மா வீட்ல இல்ல" என்று சொல்வது உள்ளே இவள் காதில் விழும். பொய் சொல்கிற தயக்கமே இருக்காது அந்தக் குரலில்.

எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் திறந்தாள். பேச்சு நின்றது. மகள் தலையணையை மடியில் அணைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

"யார்கிட்டயும் இல்ல."

"யாரோ ஒரு ஆன்ட்டி குரல் கேட்டுச்சே."

"ஆன்ட்டி இல்ல."

"அப்ப யாரு?"

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "துண்டு இன்னும் தொங்குதா?"

"தொங்குது. ஏன்?"

"அப்ப நீ வீட்ல இல்ல."

கேலியில்லை, கோபமுமில்லை. இன்றைக்கு மழை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

ஊருக்குப் போயிருந்த கணவனை ஃபோனில் கூப்பிட்டாள்.

"கட்டிலுக்கு அடியில பார்த்தியா?" என்றான் அவன்.

"பார்த்தேன். அலமாரிக்குள்ளயும் பார்த்தேன்."

விளையாட்டாகக் கேட்டவன் குரல் மாறியது. "வாசக்கதவு?"

"தாழ்ப்பாள் போட்டபடி இருக்கு. தினமும் இதே நேரந்தாங்க. ஸ்கூல்லேர்ந்து வந்து கை கால் கழுவினதும் ஆரம்பிக்குது."

"நாள் பூரா நாலு சுவத்துக்குள்ள உக்காந்து மெத்தையப் பத்தியே எழுதினா, காதுல குரல் கேக்காம வேற என்ன கேக்கும்? உன் ஆபீஸ்ல அந்த சீட் இன்னும் காலியாத்தான் இருக்காம். யோசிச்சுப் பாரு."

"அவளுக்காகத்தானே விட்டேன்."

"அப்ப அவகிட்டயே கேளு."

"கேட்டேன். நான் வீட்ல இல்லையாம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் துண்டை மாட்டினாள். ஆனால் உள்ளே போகவில்லை. கதவை மட்டும் சத்தமாகச் சாத்திவிட்டு, செருப்பில்லாத காலோடு கூடத்தைக் கடந்து மகளின் அறைக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குரல். இப்போது சொற்களும் கேட்டன.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு? ஒண்ணு விடாம சொல்லணும்."

"என் பக்கத்துல யாருமே உக்கார மாட்டேங்கறாங்க," என்றாள் மகள். "ரொம்ப நாளா."

தினமும் சாப்பாட்டு மேசையில் இவளும்தான் கேட்கிறாள். 'ஒண்ணுமில்ல' என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. யார் அந்தப் பொம்பளை, என் குழந்தையின் மனசுக்குள் இப்படிச் செருப்போடு நடந்து போகிறவள்?

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அந்தப் பெண்:

"அழக் கூடாது, சரியா? இன்னும் கொஞ்ச நேரந்தான். நான் வீட்டுக்கு வந்துடுவேன்."

இவள் கதவைத் தள்ளித் திறந்தாள்.

அறையில் மகள் மட்டும்தான் இருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை. மகளின் மடியிலிருந்து வந்தது. முன்பு இவள் வேலைக்குப் போகும்போது குழந்தைக்காக வீட்டில் விட்டுப்போன, கண்ணாடியில் கீறல் விழுந்த பழைய ஃபோன்.

"ஓட்டைப்பல்லு, படிக்கட்டுல நின்னு பேசறேன். மேனேஜர் வந்தா கட் பண்ணிடுவேன், கோச்சுக்கக் கூடாது."

மகளின் முன்பற்கள் முளைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அப்படி அவளைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான். டீ நேரத்தில் அலுவலகப் படிக்கட்டுக்கு ஓடிவந்து, தினமும் குரலைப் பதிந்து இந்த ஃபோனுக்கு அனுப்பியவள். தன் குரல் வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்குமென்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"நான்தான் வந்துட்டேனே," என்றாள். "அதை நிறுத்திட்டு என்கிட்ட சொல்லுடா."

மகள் ஃபோனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, உதட்டில் விரல் வைத்தாள்.

"உஷ்... அம்மா பேசிட்டிருக்காங்க," என்றாள் மெதுவாக. "நீ அப்புறமா வா."