முதலில் பேரைச் சொல்லணும்

“விரல்ல என்னங்க கட்டு?” என்று கேட்டார் டாக்டர் பார்கவி.

“கடி, மேடம்” என்றாள் வனஜா.

“இங்க வேலையிலயா?”

“இல்ல. வீட்ல.”

நாயும் பூனையும் வந்துபோகும் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸின் விரல் கடிபடுவது செய்தியே இல்லை. மற்ற நர்ஸுகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்கியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் அன்று காலையிலிருந்து அவர்களுக்குப் பல் பராமரிப்புப் பயிற்சி, முழுக்க ஹிந்தியில். பயிற்சி கொடுக்க வந்த பார்கவிக்கு டீ இடைவேளையில்தான் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தாள்.

“வாய்க்குள்ள கையை விட்டீங்களா?”

“ஆமாம், மேடம். ஈறெல்லாம் வீங்கி சீழ் வச்சிருக்கு. கஞ்சிகூட உள்ள எறங்கல. இப்படியே விட்டா சீழ் நுரையீரலுக்குப் போயிடும், உயிருக்கே ஆபத்துன்னு சொல்லிட்டாங்க.”

“மயக்கம் குடுத்து ஒரே தடவையில சுத்தம் பண்ணிடலாமே?”

“தாங்காதாம், மேடம். ஹிஞ்சேவாடி ரோட்டுல வண்டி அடிச்சு தலையில அடி. அதுலேர்ந்து யாரையும் அடையாளம் தெரியல. கிட்டப் போனா கடிதான்.”

வெண்டைக்காய் விலை சொல்கிற குரலில் சொன்னாள். அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. கடிபட்ட விரலில்கூட அவளுக்கு வலி தெரியவில்லை. ரத்தம் தரையில் சொட்டிய பிறகுதான் கட்டே போட்டிருந்தாள்.

பார்கவி டீ கிளாஸைக் கீழே வைத்தார். நல்ல மனசுக்காரர். அதனால்தான் அதைச் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்க. இவ்வளவு அவஸ்தைக்கு, ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சிடறதுதாங்க கருணை.”

“முடியாது, மேடம்.” அதே குரல்.

“சரி, விடுங்க. பேரு என்ன?”

வனஜா விரல் கட்டை இறுக்கிவிட்டுக்கொண்டாள். “பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்ல, மேடம்.”

“இது என்னங்க கூத்து? வீட்ல வச்சு வளக்கறீங்க, பேர் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா? அங்கதான் தப்பு பண்றீங்க. வாங்க, காட்டறேன்.”

வனஜா எதையும் விளக்கவில்லை. விளக்குவதற்கும் தெம்பு வேண்டும் இல்லையா?

மேஜையின் மேல் ஒரு கிழட்டுப் பொமரேனியனை ஷ்ரேயஸ் என்ற நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாருக்கும் ஹிந்தியில் சொன்னதையே பார்கவி வனஜாவுக்காகத் தமிழிலும் சொன்னார்.

“நேரா முன்னாடி போய் நின்னா பயந்துடும். பக்கவாட்டுல உக்காருங்க. தொடறதுக்கு முந்தி பேரைச் சொல்லணும். மூளை கலங்கிப்போனதெல்லாம்கூட சொந்தப் பேரைக் கேட்டா அடங்கிடும், நான் பாத்திருக்கேன். அப்புறம் கன்னத்தைத் தடவிக் குடுத்து, உதட்டை மட்டும் தூக்குங்க. தாடையைப் பிடிச்சுப் பிரிக்கவே கூடாது.”

“பிங்க்கி” என்று மெல்லக் கூப்பிட்டார். நாயின் காது அசைந்தது. ஈரத் துணி சுற்றிய விரல் உதட்டுக்கு அடியில் போய் வந்ததை அது கண்டுகொள்ளவே இல்லை.

பிறகு வனஜா செய்தாள். மறுபடியும் செய்யட்டுமா என்று கேட்டு, இன்னொரு தடவையும் செய்தாள்.

கிளம்பும்போது ஆளுக்கொரு பேஸ்ட் கொடுத்தார்கள். கோழி வாசனை போட்டது, நாய்களுக்கு உயிராம். வனஜா தன்னுடையதை ஷ்ரேயஸின் பையில் போட்டுவிட்டு, மெல்லிய துணிச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பேரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மனசுக்குள்ளேயே அது சரியாக வரவில்லை.

வீட்டில் மாமியார் பவுன் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். “இன்னிக்கும் ஒரு வாய் எறங்கல. அப்படியே வெளிய வந்திச்சி” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

வனஜா கையைக் கழுவிக்கொண்டாள். விரலில் துணியைச் சுற்றி நனைத்து, நேரே போகாமல் சுவர் ஓரமாகப் போய், படுக்கைக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கண்களும் அவளை யாரோ போல வெறித்தன. தொண்டைக்குள்ளிருந்து உறுமல் கிளம்பியது. பற்கள் இறுகின.

பேரைச் சொல்ல வேண்டும். வனஜா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், மறுபடி திறந்தாள்.

“ராஜா.”

உறுமல் நின்றது.

“ராஜா… இங்க பாரு, ராஜா.”

கன்னத்தைத் தடவினாள். உதட்டைத் தூக்கினாள். விரல் உள்ளே போனது, கடி விழவில்லை. ஈறு ஓரமாக மெல்லத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். சீழும் ரத்தமுமாகத் துணி வெளியே வந்ததைப் பார்த்ததும், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்தது.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த பவுன், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னாடி இது, கட்டின புருசனைப் பேர் சொல்லியா கூப்பிடற?”