மூன்றாவது மாடி வரைக்கும்

மருத்துவமனை மாடிப்படியில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுகிறது. கீழ்ப்படியில் தபால்காரம்மா நிற்கிறாள். மூன்றாவது பிரசவத்துக்குப் பின் கருப்பை இறங்கியதால், இரண்டு வருடமாகத் தபால் கொடுக்கத் தெருவுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே உட்கார்ந்து முத்திரை குத்துகிறவள். இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கச் சற்று முன்புதான் டாக்டர் ஒரு சிலிக்கான் வளையத்தை உள்ளே பொருத்தியிருக்கிறார். போன வாரம் வைத்தது நழுவிவிட்டது. இது ஒரு அளவு பெரியது. "ஏறிப் போய் நல்லா இருமிப் பாருங்க," என்கிறார் நர்ஸ். "விழுந்துட்டா?" "விழுந்தா வேற அளவு இருக்கு. பயப்படாதீங்க." அவள் ஏறுகிறாள். செருப்புச் சத்தம் படிக்குப் படி தயங்குகிறது. முதல் மாடியில் நின்று இருமுகிறாள். இன்னொரு முறை, பலமாக. கை தன்னையறியாமல் அடிவயிற்றுக்குப் போகிறது. எதுவும் இறங்கவில்லை. "என்ன அண்ணி, வளையம் இருக்கா?" என்று கீழேயிருந்து, துணைக்கு வந்த நாத்தனார் கேட்கிறாள். "இருக்கறதே தெரியலடி!" என்கிறாள் இவள். குரல் உடைந்து சிரிப்பாகிறது. "அப்ப வாங்க, வீட்டுக்குப் போலாம்." "இரு, மேல இன்னும் ரெண்டு மாடி இருக்குல்ல," என்றபடி அடுத்த படியில் கால் வைக்கிறாள்.