தரம் குறையாமல்

ஒரு போனுக்குள் பெரிய ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. சமையலறையில் ரெஜினா பாடிய பாட்டு அது. பின்னால் அவள் கணவன் சகாயம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மெட்டை முணுமுணுப்பதும் லேசாகக் கேட்கும். அவன் இறந்த பிறகு அந்த முணுமுணுப்புக்காகவே அவள் அதைத் தினமும் கேட்டாள்.

போனில் இடம் நிறைந்துபோனது. பதிவுகளைச் சின்னதாக மாற்றித் தரும் செயலி ஒன்றை ரெஜினா இறக்கினாள். ‘தரம் குறையாமல்’ என்றிருந்த பொத்தானை அழுத்தினாள்.

"உன்னைப் பத்தில் ஒரு பங்கா ஆக்கிடுறேன்" என்றது செயலி.

"என்கிட்ட இருந்து எதை எடுப்பே?" என்று பயந்தது பதிவு.

"யாரும் கவனிக்காத சத்தத்தை. பின்னால ஒருத்தர் முணுமுணுக்கிறாரே, அதை."

"ஐயோ, அதைக் கேட்கத்தான் அவ வர்றா!"

"பாடுறது அவ. அவளை விட்டுட்டு இவரை யாரு கேப்பாங்க? மனுஷங்க காது எனக்குத் தெரியாதா?"

சின்னப் பதிவு தயாரானது. பொத்தானில் இருந்த வார்த்தையை நம்பி, ரெஜினா பெரியதை அழித்துவிட்டாள்.

அன்று மாலை பாட்டைப் போட்டாள். பாதியில் நிறுத்தினாள். ஒலியை முழுக்கக் கூட்டி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். அவள் குரல் மட்டும் கணீரென்று வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் சரியாத்தானே பாடினேன், ஏன் அழறாங்க?" என்று கேட்டது சின்னப் பதிவு.

"அவ்வளவு தெளிவா இருக்கு. சந்தோஷத்துல அழறா" என்றது செயலி.