பால்சுறா

குனிந்து குனிந்து மீன் பிரித்ததில் இன்னாசியம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. தீவில் பிடிபடுவதையெல்லாம் ஏற்றுமதிக் கம்பெனியே அள்ளிக்கொள்கிறது. வீட்டுக்குக் கறிமீன் எடுக்கவும் தடை. பிள்ளை பெற்ற மருமகள் கடை நூடுல்ஸைத் தின்றுவிட்டுக் கிடக்கிறாள், பால் சுரக்கவில்லை. இன்னாசியம்மா ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பால்சுறாவை உருவி மடியில் கட்டினாள்.

"பெரியம்மா, அது பிளேன் ஏறுற மீனு. வையி கீழ!" என்று கத்தினான் ஏஜெண்ட் தொம்மை.

"நீயும் கூடவே ஏறிப் போடா. ஒன்னயப் பெத்துட்டு ஒங்காத்தா பாலில்லாமக் கெடந்தப்ப, எங்க வலையில பட்ட மூணு சுறாவப் புட்டு அவிச்சுக் குடுத்தவ நானு."

தொம்மை பெட்டியை மூடப் போனான்.

அவள் மூடியில் கைவைத்தாள். "இது ஒண்ணு. இன்னும் ரெண்டு சுறா நீ எனக்குப் பாக்கி."