நாயகி சாக ஒரு காரணம்

"கடைசியில நாயகி கிணத்துல விழுந்து சாகணும். ஏன் செத்தாங்கறதை மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார் தாளாளர்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பதினோராம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர். நாடகம் போட்டால் படிப்பு குட்டிச்சுவர் என்று கத்துகிற மனிதர், ஆண்டு விழாவுக்குச் சொந்தக் கதை வேண்டுமென்று அவரே வந்து நின்றார். யார் கதை தேறுகிறதோ அவளே நாயகி.

அந்த ஆறு பேரில் ஒருத்தி, சூளையில் செங்கல் சுமப்பவளின் மகள், முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை ஆண்டு விழா என்றால் நாற்காலி அடுக்கத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"காதல் தோல்வி சார்!" என்றாள் தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டி.

"யாரைடி காதலிப்பா? இங்க ஆம்பளைன்னா வாட்ச்மேன் தாத்தா ஒருத்தர்தான்!" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. "வேற?"

"வார்டன் அடிச்சதால..."

"அதெல்லாம் வேணாம்!" மேசை அதிர்ந்தது. பிறகு குரலைத் தணித்தார். "பாக்கறவங்களுக்கு ஸ்கூல் மேல வெறுப்பு வரக்கூடாதும்மா."

சூளைக்காரி மகள் எழுந்தாள்.

"அவ வீட்டுல படிக்க வந்த முதல் ஆளு சார். கணக்கு மண்டையில ஏறல. அம்மாகிட்டச் சொல்ல வெட்கம். தன் சோத்தைத் தோழிக்குக் குடுத்துட்டு, 'பசிக்கலடி'ன்னு சிரிச்சுட்டுப் போறா. கிணத்தடியில செருப்பை ஜோடியா விட்டுட்டு..."

சோடாபுட்டி மூக்கை உறிஞ்சினாள்.

"தப்பு யாரு மேல?" என்று தாளாளர் கேட்டார்.

"யாரு மேலயும் இல்ல சார். அதான் சோகமே."

"அருமை! இதை எல்லாரும் நம்புவாங்க." இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "நீதாம்மா நாயகி."

மறுநாள் காலை தாளாளர் கூப்பிடுவதாக ஆள் வந்ததும், ஒத்திகைதான் என்று துள்ளி ஓடினாள். அலுவலக வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

தரையில் ஒரு பெண் தலைவிரிகோலமாக மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். விடுதியில் இவளுக்கு அடுத்த கட்டிலில் படுப்பவளின் அம்மா! மகளுக்குக் காய்ச்சல், ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றுதானே நேற்றுக் காலை வார்டன் சொன்னாள்?

"அம்மாகிட்டச் சொல்ல வெட்கப்பட்டிருக்கா சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் தாளாளர். "செருப்பைக்கூட ஜோடியா விட்டுட்டு..."

வாசலில் நின்றவளைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளை அழுத்திப் பிடித்தார்.

"இவதான் சார், அந்தக் கடைசிச் சோத்தை வாங்கித் தின்ன தோழி."